அலமாரி உச்சியில் நாலாம் பாகம்

எலியைச் சமாளித்துவிடலாம். ஈரத்தைச் சமாளித்துவிடலாம். எங்கள் ஜனங்கள் புத்தகத்துக்குக் கொடுக்கும் மரியாதையை மட்டும் என்னால் சமாளிக்க முடியவில்லை.

ஓஷ் நகரத்தில், இறையியல் படிக்கிற பிள்ளைகளுக்கான ஒரு கல்லூரியில் நான் நூலகர். மற்ற கல்லூரி நூலகர்களுக்கெல்லாம் பிள்ளைகள் கிழிக்கிறார்கள், கிறுக்குகிறார்கள் என்று கவலை. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் பிள்ளைகள் அரபு நூல் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனால் போதும், வீட்டுப் பெரிய மனுஷி யாராவது அதை வாங்கி முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, வெள்ளைத் துணியில் சுற்றி, அலமாரி உச்சியில் வைத்துவிடுவாள். குர்ஆன் இருக்க வேண்டிய இடம் அது. அங்கே ஏறின புத்தகம் லேசில் இறங்காது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதும் இல்லை. எழுத்து அந்த எழுத்தா, தூக்கி மேலே வை. அவ்வளவுதான்.

ஒரு தடவை அரபு இலக்கணப் பயிற்சி நூல் ஒன்றைத் தேடி ஒரு வீட்டுக்குப் போனேன். மூட்டையை இறக்கிப் பிரித்தால், என் நூலுக்கு அடியில் துணி துவைக்கும் மெஷினின் விளக்கப் புத்தகம். துபாயிலிருந்து மருமகன் கொண்டுவந்த மெஷின்.

"அம்மா, இது மெஷினை எப்படி ஓட்டறதுன்னு போட்டிருக்கிற புத்தகம்" என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டும். அதுக்காகக் கீழ போட முடியுமா?" என்று அந்த அம்மாள் அதைத் திரும்பச் சுற்றி மேலே வைத்தாள். என் நூலை வாங்கி வருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

திரும்பி வருகிற நூலும் சும்மா வராது. படித்த இடம் தெரிய வேண்டும் என்று கையில் கிடைத்ததைச் செருகி வைப்பார்கள். சீப்பு வந்திருக்கிறது. சூரியகாந்தி விதைத் தோல் வந்திருக்கிறது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் முறையைச் சொல்கிற அத்தியாயத்தில் குதிரைக்கறித் துண்டு ஒன்று காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போடுவேன். புத்தகத்துக்குள் தாளைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்பது என் சட்டம். இதற்காகப் பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் என்னவோ பேர் வைத்திருக்கிறார்கள். காதில் விழும். விழாத மாதிரி இருந்துவிடுவேன்.

இந்த லட்சணத்தில் எங்கள் டீன் அப்திராஷித் ஹஜ்ரத் ஒரு புது விதி கொண்டுவந்தார். முந்தின வருஷம் பட்டத் தேர்வில் ஒருவன் உலகத்திலேயே இல்லாத ஒரு கிதாபிலிருந்து மேற்கோள் காட்டி, தேர்வுக் குழு மொத்தமும் தாடியைத் தடவிக்கொண்டே தலையாட்டிவிட்டது. விஷயம் பிறகு வெளியே வந்து டீனுக்கு மானம் போயிற்று. ஆகவே இனிமேல் ஆய்வேட்டில் எந்த நூலைக் காட்டினாலும் அந்த நூலே, அச்சு நூலே, தேர்வன்று மேசை மேல் இருந்தாக வேண்டும். கணினியில் பார்த்தேன், போனில் படம் எடுத்தேன் என்பதெல்லாம் செல்லாது.

இதே மனிதர்தான் அதற்கு முந்தின வருஷம் மின்நூலகம் என்று ரிப்பன் வெட்டினார். கணினியைத் தட்டினால் ஆயிரக்கணக்கான கிதாபுகள். அதில் எப்படித் தேடுவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே என் தொண்டை வற்றிப் போனது.

"அப்போ அந்தக் கம்ப்யூட்டரெல்லாம் எதுக்கு ஹஜ்ரத்?" என்று நேரே போய்க் கேட்டேன்.

"தேடறதுக்கு."

"தேடினது கெடைச்சுட்டா?"

"கெடைச்சதைப் புத்தகத்துல பார்க்கணும்."

"அந்தப் புத்தகம் நம்மகிட்ட இல்லேன்னா?"

"நூலகம்னு ஒண்ணு பின்ன எதுக்கும்மா இருக்கு, ஜிபார்?"

இப்படிப்பட்டவரிடம் என்னத்தைப் பேசுவது? கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

மே மாதம் பெர்மெத் என் மேசை முன்னால் வந்து நின்றாள். அலாய் மலைப்பக்கத்துப் பெண். வாசிப்பறையில் முதலில் வந்து கடைசியில் போகிறவள். கதவைப் பூட்ட வேண்டும், எழுந்திரு என்று தினமும் அவளை விரட்டுவதே எனக்கு ஒரு வேலை. ஆனாலும் என் பிள்ளைகளில் புத்தகத்தைப் புத்தகமாக நினைக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"அக்கா, நாலாம் பாகம் எங்க?"

எந்த நூலின் நாலாம் பாகம் என்று நான் கேட்கவில்லை. எங்களிடம் எட்டுப் பாகத்தில் ஒரு சொல்லடைவு இருக்கிறது. நபிமொழித் தொகுப்புகளில் வருகிற சொற்களையெல்லாம் அகர வரிசையில் அடுக்கி, எந்தச் சொல் எந்தத் தொகுப்பில் எங்கே வருகிறது என்று மட்டும் சொல்லும். ஒரு கதை கிடையாது, ஒரு உபதேசம் கிடையாது, வரிசை வரிசையாகச் சொல்லும் எண்ணும்தான். ஆனால் அது இல்லாமல் இந்தப் படிப்பில் ஒரு அடி நகர முடியாது. அதில் நாலாம் பாகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வருஷமாக ஒரு ஓட்டை.

பெர்மெத்தின் ஆய்வு எங்கள் பக்கத்து ஜனாஸாக்களை, அதாவது சாவுச் சடங்குகளைப் பற்றியது. மையித்தை எடுக்கும் முன் ஓதுகிறவர்கள் நபிமொழி என்று சொல்லும் வாக்குகள் உண்மையிலேயே தொகுப்புகளில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்திருந்தாள். அவளுடைய முக்கியமான அத்தியாயம் நின்றதே நாலாம் பாகத்து மேற்கோள்களின் மேல்தான்.

"உனக்கு வேண்டியதைக் கம்ப்யூட்டர்லதான் பார்த்துட்டியே."

"பார்த்துட்டேன். எழுதியும் முடிச்சுட்டேன். மேசை மேல வைக்கணுமேக்கா."

"அந்தாள்கிட்ட நான் வேணா இன்னொரு தடவை பேசிப் பார்க்கட்டுமா?"

"நானே போய்ப் பேசிட்டேன். நூல் இல்லேன்னா அடுத்த வருஷம் வந்து எழுதுன்னாரு. அடுத்த வருஷம்னு ஒண்ணு எனக்குக் கெடையாதுக்கா. இந்த வருஷத்துக்கே எங்கப்பா சம்மதிக்கல. பொண்ணு கேட்டு வந்தவங்க காத்துக்கிட்டிருக்காங்க. பட்டம் கையில இருந்தா கல்யாணத்துக்கு அப்புறமும் பொம்பளைப் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லப் போவேன்னு பேசி வெச்சிருக்கு. இல்லேன்னா அந்த வீட்டு மாட்டைக் கறந்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

பிறகு நான் போன் போடாத நூலகம் இல்லை. தலைநகர் பிஷ்கேக்கில் ஒரு பெரிய நூலகத்தில் இருந்தது. வெளியே தர மாட்டோம், வேண்டுமானால் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள். பக்கத்து ஊரில் ஒரு மதரஸாவில் எட்டுப் பாகமும் கண்ணாடி அலமாரியில் தங்க எழுத்தோடு மின்னின. அலமாரிச் சாவி எங்கே போயிற்று என்று தெரியவில்லையாம், யாரும் இதுவரை கேட்டதில்லையாம். கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வயிற்றெரிச்சலோடு திரும்பினேன்.

எங்களுடைய நாலாம் பாகம் இருந்த இடம் எனக்குத் தெரியாமல் இல்லை. எசென் என்ற பையன் எடுத்துப் போயிருந்தான். பெர்மெத்தின் வகுப்புதான். கெட்டிக்காரன். அப்பா இறந்ததும் ஒரு வருஷம் சம்பாதித்துவிட்டு வருகிறேன் என்று ரஷ்யாவுக்குப் போனான். போன வசந்தத்தில் டீனுக்குப் போன் செய்து, படிப்பு வேண்டாம், பேரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டான். டீன் பேரை எடுத்துவிட்டு, "புத்தகம் ஏதாவது பாக்கி இருந்தாப் பார்த்துக்க" என்றார். எசெனின் பழைய எண்ணுக்கு அடித்தால் யாரோ ஒரு ரஷ்யப் பெண் எடுத்துத் திட்டினாள். வேறு வழியில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் பெர்மெத்தை இழுத்துக்கொண்டு, உஸ்கெனுக்கு அப்பால் இருந்த அவன் ஊருக்கு வேனில் கிளம்பினேன்.

எசெனின் அம்மா பேர் ஸூராகான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். நெல் நாற்றுச் சேறு காலில் இருக்க வாசலுக்கு ஓடி வந்தாள். கல்லூரியிலிருந்து வருகிறோம் என்று சொன்னதும் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"எசென் எப்ப வந்து சேரணும்னு சொல்ல வந்தீங்களா?"

நான் வாயைத் திறந்து, மூடி, "புத்தகம் விஷயமா வந்தோம் அக்கா" என்றேன்.

"அதுக்கென்ன, பத்திரமா இருக்கு. மொதல்ல உக்காருங்க. ரொட்டியைப் பிட்டுக்காம ஒரு வார்த்தை பேச விடமாட்டேன்."

பாலாடையைக் கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவந்து வைத்தாள். பாதாமி ஜாம் வந்தது, பொரித்த மாவு வந்தது, தேநீர் வந்துகொண்டே இருந்தது. நல்ல சூடான ரொட்டி. சாப்பிட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். அலமாரி உச்சியில் வெள்ளைத் துணியில் இரண்டு பொட்டலங்கள், பெரிசு ஒன்று, சின்னது ஒன்று.

"பெருசு அவன் கிதாபு. சின்னது அவன் ரொட்டி" என்றாள் ஸூராகான்.

ரொட்டியைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரஷ்யாவுக்குப் பிள்ளையை அனுப்பின வீடு ஒவ்வொன்றிலும் அப்படி ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. கிளம்புகிறவன் ஒரு கடி கடித்துவிட்டுப் போவான். மீதி அவன் வந்து தின்பதற்காகக் காத்திருக்கும். என் தம்பியுடையது எங்கள் வீட்டில் இருந்தது. அவன் வந்தான், தின்றான், பல் ஆடிப்போயிற்று. ஆனால் அதோடு புத்தகத்தையும் சேர்த்து வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

"ரொட்டியைப் பாதி கடிச்சு வெச்சான், கிதாபையும் பாதி படிச்சு வெச்சான். உள்ள அடையாளம்கூட வெச்சிருக்கான். நான் திறக்கல, ஓரத்துல தெரியும். ரெண்டும் பாதியில நிக்கற வரைக்கும் அவன் வந்துதானே ஆகணும்?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. வேனில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் நான்.

"அக்கா, இது பாதி படிக்கறது, மீதி படிக்கறதுங்கற புத்தகமே இல்ல. வெறும் சொல்லு வரிசை. முன்னெல்லாம் டெலிபோன் நம்பர் போட்டு ஒரு புத்தகம் வரும் பாருங்க, அது மாதிரி. உலகத்துல யாரும் இதை மொதல்லேருந்து கடைசி வரைக்கும் படிக்க மாட்டாங்க."

ஸூராகான் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"என் புள்ளை படிச்சான்" என்றாள். "அவங்கப்பா கெடந்த கெடையில, அந்தாளுக்குப் பக்கத்துலயே உக்காந்து படிச்சான். நான்தான் டீ போட்டுக் குடுத்தேன். நீ வந்து எனக்குச் சொல்றியா?"

"நீங்க"விலிருந்து "நீ"க்கு இறங்கியாயிற்று. பெர்மெத் மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். பிறகு தன் கதையைச் சொன்னாள். அழாமல், கெஞ்சாமல், அப்பாவையும் பெண் கேட்டு வந்தவர்களையும் மாட்டையும் சேர்த்துச் சொன்னாள். ஸூராகான் "பாவமே, பாவமே" என்று கேட்டாள். மாட்டுக்கு எத்தனை கன்று என்று விசாரித்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, "ஆனா கிதாபு இந்த வீட்டை விட்டுத் தனியாப் போகாதும்மா" என்றாள்.

"தனியாப் போக வேண்டாம்மா" என்றாள் பெர்மெத். "நீங்களே தூக்கிட்டு வாங்க. நீங்களே மேசை மேல வைங்க. என் பரீட்சை முடிஞ்சதும் நீங்களே எடுத்துட்டுப் போங்க."

என் நூலகத்து நூலை, என் நூலகத்து முத்திரை குத்தின நூலை, ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேட்டு என் மாணவி பேரம் பேசுகிறாள். நூலகர் நான் பாலாடையை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதைவிட ஒரு அவமானம் என் உத்தியோகத்துக்கு வந்ததில்லை.

ஸூராகான் அலமாரி உச்சியை அண்ணாந்து பார்த்தாள். "அவன் வந்து நிக்கப் போற எடத்தை நானும் ஒரு தடவை பார்த்த மாதிரி இருக்கும்" என்றாள். அப்படித்தான் சம்மதித்தாள்.

திரும்பும்போது வேனில் பெர்மெத் மெதுவாகக் கேட்டாள்.

"எசென் படிப்பை விட்டுட்டான்னு அவங்களுக்குத் தெரியாது போலருக்கே. நீங்க ஏங்க்கா சொல்லல?"

"பெத்த தாய்கிட்ட அவனே சொல்லல. நான் எதுக்குச் சொல்லணும்? சொல்லியிருந்தா புத்தகம் வந்திருக்குமா?"

"தெரியல."

"தெரியலேல்ல? அப்போ சும்மா இரு."

எனக்கு எசென் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. புத்தகத்தைத் திருப்பித் தரத்தான் வக்கில்லை, அம்மாவுக்கு ஒரு போன் போட்டு உண்மையைச் சொல்லவுமா வக்கில்லை? அவன் வேலையையும் சேர்த்து நூலகர்தான் பார்க்க வேண்டுமா?

தேர்வு நாளன்று ஸூராகான் கருநீல வெல்வெட் சட்டையும் புது முக்காடுமாக வந்து இறங்கினாள். நெஞ்சோடு அணைத்த பொட்டலத்தில் புத்தகம். இன்னொரு கையில் தேர்வுக் குழுவுக்கென்று ஒரு கூடை ரொட்டி. மாணவர்களின் தாய்மார்கள் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்த வரிசையில், நடுவில், இடம்பிடித்து உட்கார்ந்தாள். "உங்க புள்ளை எப்போ?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். "என் புள்ளை லீவுல இருக்கான். அடுத்த வருஷம்" என்றாள் இவள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெர்மெத் பேர் வந்ததும் அவள் காட்டிய நூல்களையெல்லாம் மேசையில் அடுக்கினேன். ஸூராகான் எழுந்து வந்து, பொட்டலத்தைப் பிரித்து, நாலாம் பாகத்தை முத்தமிட்டு, எங்கே வைப்பது என்று பார்த்தாள். மற்ற நூல்களுக்குக் கீழே வைக்க மனசு வரவில்லை. பக்கத்தில் வைத்தாலும் உயரம் போதவில்லை. மேசையிலேயே உயரமாக இருந்தது, சுவரில் படம் காட்டுகிற கருவி. அதன் மேல் வைத்துவிட்டாள். பெர்மெத் இரண்டு வாரம் உட்கார்ந்து தயாரித்த படமெல்லாம் சுவரிலிருந்து நழுவி, டீனின் தலைப்பாகையில் பாதியும் கூரையில் பாதியுமாகப் போய் விழுந்தது.

"யாரும்மா இது? என்ன நடக்குது இங்க?" என்றார் டீன்.

"உங்க விதிதான் நடக்குது ஹஜ்ரத்" என்றேன். "புத்தகம் மேசைக்கு வந்திருக்கு."

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், நல்ல மனிதர், சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து, நாலாம் பாகத்தை இரண்டு கையாலும் எடுத்தார். அந்த மரியாதையில் ஸூராகான் திருப்தியாகப் போய் உட்கார்ந்தாள். அவர் ஒரு சொல்லைச் சொல்லி, "என் கண் முன்னாடியே தேடி எடுங்க பார்ப்போம்" என்றார். பெர்மெத் வாங்கிப் புரட்டினாள். அவள் விரல் வரிசையில் இறங்கி நின்ற வேகத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. இன்னொரு சொல் கேட்டார். அதையும் எடுத்தாள். ஊரே நபிமொழி என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரு வாக்கு எந்தத் தொகுப்பிலும் இல்லை என்று அவள் சொன்னபோது குழுவில் இரண்டு பேர் கோபமாகக் கேள்வி கேட்டார்கள். புத்தகத்தைத் திறந்து அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள். இருவரும் வரிசையில் விரல் வைத்து அந்த வாக்கைத் தேடிப் பார்த்துவிட்டு, புத்தகத்தை அவளிடமே தள்ளினார்கள்.

பட்டம் கிடைத்துவிட்டது. மிக நன்று என்றே போட்டார்கள். பெர்மெத் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள், பிறகு ஸூராகானைக் கட்டிக்கொண்டாள். அந்த நிமிஷத்தோடு எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆனால் ரொட்டிக் கூடை பிரிந்தது. தேநீர் வந்தது. டீன் வாய் நிறைய ரொட்டியும் மனசு நிறைய சந்தோஷமுமாக ஸூராகானிடம் வந்தார்.

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்? பெரியம்மாவா?"

"இல்லீங்க ஹஜ்ரத். நான் எசெனோட அம்மா."

நான் இருமினேன்.

"எசென்..." என்று டீன் யோசித்தார்.

"இந்தப் பொண்ணு கூடப் படிச்சவன். லீவு வாங்கிட்டு ரஷ்யாவுக்குப் போயிருக்கான். அடுத்த வருஷம் அவனும் இங்க நிப்பான் இல்ல? அதான் எடத்தைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் அவர் அங்கியைப் பிடித்து இழுத்தேன்.

"என்ன ஜிபார், தொண்டை கட்டிக்கிச்சா? சூடா டீ குடி" என்றார் அந்த மனிதர். அப்புறம் அவள் பக்கம் திரும்பினார். "அந்த எசெனா? அவன் லீவுல இல்லையேம்மா. போன வருஷமே பேரை எடுத்தாச்சு. அவனேதான் போன் பண்ணினான், படிப்பு வேண்டாம், அங்கயே இருந்துக்கப் போறேன்னு. உங்ககிட்ட சொல்லலையா?"

பக்கத்தில் யாரோ தேநீரை உறிஞ்சும் சத்தம் கேட்டது. டீனுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. ரொட்டியை மெல்வதை நிறுத்திவிட்டு, யாரோ கூப்பிட்டது போல நழுவிவிட்டார். எப்போதும் அப்படித்தான்.

ஸூராகான் என்னைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என் வீட்டு ரொட்டியைப் பிட்டுத் தின்னயே, அப்பவே தெரியுமா?"

"தெரியும் அக்கா."

அவள் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். தலையை மட்டும் ஆட்டினாள். மேசைக்குப் போய், வெள்ளைத் துணியை உதறி நாலாக மடித்து வெறும் கூடைக்குள் வைத்தாள். புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க அக்கா" என்றேன். "பேச்சு அப்படித்தானே? எவ்வளவு நாள் வேணும்னாலும் வெச்சுக்கங்க." இந்த வார்த்தை என் வாயிலிருந்து அதுவரை யாருக்கும் வந்ததில்லை.

"எதுக்கு? அந்தப் பொண்ணு என்னமாத் தேடி எடுத்தா, பார்த்தேனே. நீ சொன்னது சரிதான். படிச்சு முடிக்கிற கிதாபு இல்ல அது." முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். "வேணுங்கறவங்க கையில இருக்கட்டும். எனக்கு ரொட்டி இருக்கு."

அது படித்து முடிக்கிற புத்தகம் இல்லை என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். பெர்மெத் ஓடிப் போய், "வேன் வரைக்கும் வர்றேன்ம்மா" என்று அவள் கூடையை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் கதவு வரைக்கும் போனார்கள். கதவுக்கு அப்பால் போன ஸூராகான், மறுபடி தனியாகத் திரும்பி வந்தாள்.

"உள்ள ஒரு அடையாளம் வெச்சிருக்கான்" என்றாள். "அதை மட்டும் எடுத்துடாத."

நான் புத்தகத்தைத் திறந்தேன். போனுக்குக் காசு ஏற்றுகிற அட்டை. நகத்தால் சுரண்டின வெள்ளித் தூள் இன்னும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வந்தான்னா, விட்ட எடம் தெரியணுமில்ல" என்றாள்.

பெர்மெத் இப்போது அவள் கணவன் ஊரில் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள். மாடும் கறக்கிறாளாம், சிரித்துக்கொண்டே சொன்னாள். எசென் வரவில்லை. நாலாம் பாகம் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் அதன் இடத்தில் நிற்கிறது. பிள்ளைகள் எடுக்கிறார்கள், வைக்கிறார்கள். எடுக்கிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, அட்டையை அசைத்தால் உன் நூலக அனுமதியைப் பிடுங்கிவிடுவேன் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். அப்படியும் போன மாதம் ஒருவன் அதைக் குப்பை என்று நினைத்து, என் சட்டத்தை எனக்கே காட்டுகிற மாதிரி, குப்பைக்கூடையில் போட்டுவிட்டான். கூடையைக் கவிழ்த்து அவனையே தேடி எடுக்க வைத்தேன்.

"மறுபடி எப்படிக்கா வைக்கறது? எந்தப் பக்கத்துல இருந்துச்சுன்னு தெரியாதே" என்றான் பயந்துபோய்.

"குடு இங்க" என்று வாங்கினேன். பக்கம் எனக்கு மனப்பாடம்.